குத்தகைக்கு எடுத்த தேசியப் பூங்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கரையோர மக்களைத் தீவுப் பக்கம் விடாமல் தடுத்ததால்தான் பவளப்பாறை பிழைத்தது என்கிற தொனி கட்டுரை முழுக்க ஓடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மண்டபத்துக்காரி. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் அம்மா கடற்பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்து வந்த காசில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அதனால் நான் நடுநிலையானவள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு இன்னொரு தேசியப் பூங்காவைப் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது. அங்கேயும் தீவு, கடல், பவளப்பாறை, கரையோர ஊர்கள் எல்லாம் உண்டு. கூடவே எங்கள் பக்கம் இல்லாத மலையும் மழைக்காடும். ஆனால் அந்தப் பூங்கா அமைந்த விதமே வேறு. அது அமெரிக்க சமோவா தேசியப் பூங்கா.

பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 14 டிகிரியில் இருக்கிறது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான அமெரிக்க சமோவா. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளது இது ஒன்றுதான். டுட்டுயிலா, தாஊ, ஓஃபு என்று மூன்று தீவுகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 13,500 ஏக்கர், அதில் 4,000 ஏக்கர் போலக் கடல். மகள் ஹவாயில், ஹொனலூலுவில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்க விசா இருந்தால் நேராகப் போய் இறங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க சமோவாவுக்குக் குடிவரவுச் சட்டம் தனி, அனுமதியும் தனி. அந்தக் காகித வேலையெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்.

பாங்கோ பாங்கோ துறைமுகம் பழைய எரிமலை வாய். ஒரு பக்கம் இடிந்து கடல் உள்ளே புகுந்துவிட்டது. சுற்றிலும் மலைகள் செங்குத்தாக நிற்கின்றன. அடி முதல் உச்சி வரை பச்சை, பாறை கண்ணில் படுவதே அபூர்வம். துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் பியோவா மலைக்கு மழை கொண்டுவரும் மலை என்று பெயர். பெயரைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் இருந்த வரைக்கும் குடை மடக்கினதாக நினைவில்லை. மலையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்போதே மூக்கில் ஏறுகிறது சூரை மீன் வாடை. துறைமுகத்தில் பெரிய டின் மீன் தொழிற்சாலை இருக்கிறது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பழகின வாடைதான்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கதவும் கிடையாது. ஊருக்குள் ஒரு சிறிய பார்வையாளர் மையம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 29-ஆம் தேதி வந்த சுனாமியில் பழைய மையம் அடியோடு போய்விட்டதாம். இப்போதிருப்பது அதற்குப் பிறகு வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பூங்காக் காவலர் உள்ளூர் இளைஞர். வரைபடத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் அவர் சொன்னது ஊர்க் கட்டுப்பாடுகளை. கிராமத்துக் கரையில் இறங்குவதற்கு முன் அங்கே யாராவது இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள். படம் எடுப்பதாக இருந்தாலும் கேளுங்கள். பெண்கள் முழங்கால் தெரிய உடுத்த வேண்டாம். சாயங்காலம் பிரார்த்தனை நேரத்தில் நடக்காதீர்கள், நின்றுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாதீர்கள். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகுதான் பாதை, தூரம், தண்ணீர் பாட்டில் பேச்சு வந்தது. பூங்காவின் விதியை விட ஊரின் விதி முன்னால் நிற்கிற இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் அந்த மண்ணின் சொத்து முறை. அமெரிக்க சமோவாவில் பெரும்பாலான நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, குடும்பக் கூட்டத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தின் பட்டம் பெற்ற தலைவர் அதைப் பார்த்துக்கொள்வார், விற்க மாட்டார். 1900-இல் டுட்டுயிலாவின் தலைவர்கள் அமெரிக்காவோடு கையெழுத்துப் போட்டபோதே நிலத்தின் மீது மக்களுக்கு இருக்கும் உரிமையை மதிப்போம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்படியிருக்க, 1980-களில் காட்டையும் அதில் வாழும் பழந்தின்னி வௌவால்களையும் காப்பாற்ற ஒரு பூங்கா வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது சிக்கல் வந்தது. மற்ற இடங்களில் செய்வது போல நிலத்தை வாங்கிப் பூங்கா ஆக்க வழியில்லை. 1988-இல் சட்டம் நிறைவேறியும் பூங்கா உருவாகவில்லை. கிராமங்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, 1993-இல் 50 ஆண்டுக் குத்தகை போட்ட பிறகுதான் பூங்கா நிஜமானது. நிலம் இன்றும் கிராமத்தார் நிலம். அரசாங்கம் குத்தகைதாரர். வாடகை எவ்வளவு என்பதை அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்மானிக்கும்.

உலகத்திலேயே பணபலம் மிக்க அரசாங்கம் ஒன்று, சேம்பு பயிரிடுகிற குடும்பத்துக்கு வாடகை கட்டிப் பூங்கா நடத்துகிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, ஆசிரியர் அவர்களே.

சரி, வாடகை கொடுத்துவிட்டு வேலி போட்டுவிட்டார்களா? அதுவும் இல்லை. மக்கள் முன்பிருந்தே செய்துவந்த பயிர்த்தொழில், வீட்டுச் சாப்பாட்டுக்கான மீன்பிடிப்பு, காட்டில் பொறுக்குவது எல்லாம் பழைய கருவிகளோடும் பழைய முறைகளோடும் தொடரலாம் என்று பூங்காச் சட்டமே சொல்கிறது. வேலை கொடுப்பதிலும் பயிற்சியிலும் உள்ளூர் சமோவர்களுக்கு முன்னுரிமை என்றும் அதில் இருக்கிறது.

காகிதத்தில் இருப்பது மண்ணில் இருக்கிறதா என்று பார்க்கிற புத்தி எனக்கு உண்டு. ஃபாங்காசா கணவாயிலிருந்து அலாவா மலைக்கு முகடு வழியாக ஒரு பாதை போகிறது. போய்வர 11 கிலோமீட்டர், உச்சி 491 மீட்டர். என் முழங்காலுக்கு அது ஆகாது, நான் பாதி வழிகூடப் போகவில்லை. போன வரைக்கும் பாதையின் இரு பக்கமும் வாழை, சேம்பு, தென்னை, ஈரப்பலா. பூங்காவுக்குள்தான். ஒரு பெரியவர் தோளில் காவடி போலக் கம்பு வைத்து இரண்டு முனையிலும் தென்னங்கீற்றுக் கூடைகளில் சேப்பங்கிழங்கு கட்டிக்கொண்டு எதிரே வந்தார். சிரித்துவிட்டுப் போனார். எங்கள் கையில் சீட்டு கேட்க ஆளில்லை, அவர் கையிலும் யாரும் கேட்கவில்லை. தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் கோடு எதுவும் தெரியவில்லை. மரங்களின் மேல் பெரணியும் பாசியும் தொங்க, ஈரம் மூக்கில் அடிக்க, அப்படியே காட்டுக்குள் கலந்துவிடுகிறது.

வௌவால்களை அங்கேதான் பார்த்தேன். நம்மூர் வௌவால் பகலெல்லாம் தலைகீழாகத் தூங்கும். அங்கே உள்ள ஒரு வகை பட்டப்பகலில், பருந்து மாதிரி இறக்கையை விரித்துக் காற்றில் மிதக்கிறது. இரண்டு இறக்கையும் விரித்தால் மூன்று அடி வரும். அந்தத் தீவுகளுக்குத் தாமாக வந்து சேர்ந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. காட்டு மரங்களில் பலவற்றுக்கு மகரந்தம் கடத்துவதும் விதை பரப்புவதும் அவைதான். 1980-களில் குவாம் தீவுக்குச் சாப்பாட்டுக்காக ஏற்றுமதி செய்து செய்து குறைந்து போயின. அப்புறம் 1990-இலும் 1991-இலும் அடுத்தடுத்து ஓஃபா, வால் என்று இரண்டு புயல்கள் காட்டை மொட்டையடிக்க, இன்னும் சரிந்தன. வேட்டைக்குத் தடை வந்தது. அந்தத் தடையை ஊர்க்காரர்கள் மதிக்கிறார்களா என்று காவலரிடம் கேட்டேன். காடு அவர்களுடையதுதானே என்றார். முழுப் பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சாதாரணம் இருந்தது.

மாப்பிள்ளை உச்சி வரை போய்வந்தார். மேலே கம்பியில் தொங்கிப் போகும் தொட்டில் வண்டியின் துருப்பிடித்த இயந்திரம் கிடக்கிறதாம். 1965-இல் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு ஆள் ஏற, துறைமுகத்துக்குக் குறுக்கே கம்பி கட்டித் தொட்டில் விட்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்கச் சேறோடு இறங்கி வந்தார்.

எனக்கு முக்கியமான இடம் வாட்டியா. அஃபோனோ கணவாயைத் தாண்டி வடக்குக் கரையில் இருக்கும் கிராமம். அங்கே போக உள்ளூர் பஸ்ஸில் ஏறினோம். சரக்கு வண்டியின் அடிச்சட்டத்தில் மரத்தால் கூண்டு கட்டிய பஸ், உள்ளே காது கிழியப் பாட்டு. இறங்குகிற இடம் வந்தால் பலகையைத் தட்ட வேண்டும், இறங்கும்போது காசு கொடுக்க வேண்டும். வாட்டியாவில் கடலுக்குள் போலா என்று ஒரு செங்குத்துப் பாறைத் தீவு நிற்கிறது, உச்சியெல்லாம் கடற்பறவைகள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நாங்கள் போனபோது நீர் வற்றம், என் கண் அங்கே போகவில்லை.

பவளத்திட்டின் மேல் முழங்கால் தண்ணீரில் மூன்று பெண்கள். ஒருத்தியின் கையில் வாளி, இன்னொருத்தியின் கையில் நீளமான இரும்புக் கம்பி. குனிந்து குனிந்து பொந்துகளைக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கணவாய் மீன் தேடுகிறார்களோ என்று நினைத்தேன், தேடியது எட்டுக்கால் பேய்க்கணவாயை. கரையேறியவர்களிடம் மகள் பேச்சுக் கொடுத்தாள். எங்கள் ஊரிலும் பெண்கள் இப்படிக் கடலில் இறங்குவார்கள் என்று அவளை விட்டுச் சொல்லச் சொன்னேன். அதில் மூத்த அம்மாள் என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய், கல்லடுப்பில் வெந்த ஈரப்பலாவும், சேப்ப இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி வேகவைத்த பண்டமும் கொடுத்தார். உப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி நம் வாய்க்கு ஒத்துவரும்.

பூங்கா எல்லைக்குள்ளும் இப்படிப் பெண்கள் இறங்குவார்களா என்று பின்னால் காவலரிடம் விசாரித்தேன். இறங்குவார்கள், அது அவர்கள் திட்டு என்றார். எனக்கு என் அம்மா நினைப்பு வந்தது. ஒருநாள் காவலுக்கு வந்த ஒருவர் அம்மாவின் பாசி மூட்டையைப் பிடுங்கிக் கடலிலேயே கொட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க எடுத்த பாசி. அம்மா அழவில்லை, அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

அந்த ஊரைச் சொர்க்கமாகக் காட்டவும் எனக்கு மனசில்லை. வாட்டியா ஓடையில் டின்களும் குழந்தைத் துணிகளும் மிதந்தன. பன்றிக் கொட்டில்களின் கழிவு ஓடையில் கலந்து பவளத்துக்குக் கெடுதல் செய்கிறது என்று மகளே சொன்னாள். 2011-க்குப் பிறகு முள்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகிப் பவளத்தைத் தின்றபோது, பூங்காவின் முக்குளிப்பவர்கள் இறங்கி ஒவ்வொன்றுக்கும் மாட்டுப் பித்தநீரை ஊசியில் ஏற்றி ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அந்த வேலையைக் கிராமம் தனியாகச் செய்திருக்க முடியாது, படித்த ஆட்களும் படகும் பணமும் வேண்டும். அதே போல ஓஃபு தீவின் ஆழமில்லாத குளங்களில் உச்சி வெயிலில் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டியும் பவளம் சாகாமல் இருப்பதை விஞ்ஞானிகள் வருஷக்கணக்காக ஆராய்கிறார்கள். கடல் சூடேறி 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாப் பவளம் வெளுத்துப்போனதைப் பார்த்த நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

நம் பக்கமும் பூங்கா தேவைப்பட்டது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் ஏற்றியதை என் தலைமுறை பார்த்திருக்கிறது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போனதில் அந்த வெட்டுக்குப் பங்கு உண்டு. 1986-இல் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 117 வகைப் பவளம் உள்ள கடல் அது, காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் பாறையை வெட்டி லாரியில் ஏற்றியவனுக்கும், விரலால் பாசி கிள்ளியவளுக்கும் ஒரே சட்டம், ஒரே தடை. வெட்டியவன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். கிள்ளியவளுக்குப் போக இடமில்லை. அவள் அதே கடலில் பயந்து பயந்து இறங்குகிறாள்.

இத்தனைக்கும் கட்டுப்பாடு என்றால் என்னவென்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, பவளத்தைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள் பேசி முடிவெடுத்தவர்கள் அவர்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கொடுத்துக் கௌரவித்தார்கள். விருது வாங்கியவர் செய்கிற தொழிலைப் பூங்காவுக்குள் செய்தால் குற்றம். இந்த விசித்திரத்தைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

சமோவாவை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. அங்கே நிலம் குடும்பத்துக்குச் சொந்தம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கே கடலும் தீவும் அரசாங்கத்துடையவை, மீனவருக்குப் பட்டா கிடையாது. அங்கே கிராமங்களில் சில நூறு பேர், இங்கே ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கரை முழுக்க ஜனம். விசைப்படகும் இழுவை வலையும் வேறு இருக்கின்றன. அதையெல்லாம் தீவுப் பக்கம் விடச் சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. நான் கேட்பது கையால் எடுக்கிற பெண்களுக்கு மட்டும். எந்தத் தீவின் எந்தப் பக்கம், எந்த மாதம், எத்தனை நாள் என்று அந்தந்த ஊரோடு உட்கார்ந்து எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு ஒப்பந்தம். மீறினால் ஊரே பொறுப்பு. ஆண்டு முடிந்ததும் மறுபடி பேசலாம். பூங்காக் காவல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதல் உரிமை அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு. பட்டா இல்லாத இடத்திலும் ஒப்பந்தம் போடலாம், அதற்கு மனசு இருந்தால் போதும்.

பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து, பூங்காத் தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவுக்கு இப்போது சுற்றுலாப் படகு விடுகிறார்கள். தங்கள் கட்டுரையும் அதைப் பெரிதாகப் பாராட்டியிருந்தது. பார்க்கப் போகிறவர்கள் போகட்டும், நானும் என் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். வெளியூர்க்காரர் காசு கொடுத்தால் இறங்கலாம், எதிர்க்கரையில் பிறந்தவள் பாசிக்கு இறங்கக் கூடாது என்பதை மட்டும் எந்தப் பாடத்தில் சேர்த்துச் சொல்லித்தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் நிருபரை மறுபடி இந்தப் பக்கம் அனுப்பினால், அந்தப் படகுக் கட்டணத்தில் சின்னப்பாலத்துக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு பெட்டிச் செய்தி அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
மண்டபம்.